கடவுச்சொல் படுத்தும் பாடு

நம் பாட்டிமார் காலத்து வீட்டிற்குச் சாவிகள் மூன்றோ நான்கோதான். தெருக்கதவுக்கு ஒன்று, நெல் வைக்கும் அறைக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று; எல்லாம் ஒரே கொத்தில் அடங்கி இடுப்பில் செருகப்பட்டிருக்கும். அதே குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் வீட்டில் இன்று எத்தனை சாவிகள் உள்ளன என்று எண்ணத் தொடங்கினால் மலைப்பே மிஞ்சும். வங்கிக் கணக்கு, அஞ்சலகச் சேமிப்பு, மின்கட்டணம், சமையல் எரிவாயு, இரயில் பயணச்சீட்டு, வருங்கால வைப்பு நிதி, வருமான வரி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மின்னஞ்சல் என ஒவ்வொன்றிற்கும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கடவுச்சொல். இரும்புச் சாவி தொலைந்தால் பாய்க்கு அடியிலாவது தேடலாம். இச்சாவியை எங்கே தேடுவது?

ஒன்றை மறந்துவிட்டவர் படும் பாட்டை நாம் எல்லாரும் அறிவோம். மின்கட்டணம் செலுத்த அன்று இறுதி நாள். குடும்பத் தலைவர் கணிப்பொறியின் முன் அமர்கிறார். முதலில் தட்டிய சொல் தவறு என்கிறது திரை. இரண்டாவதும் தவறு. மூன்றாவதும் தவறானால் நாளைவரை கதவு அடைபடும் என்னும் எச்சரிக்கை வருகிறது. அஞ்சி, புதிய கடவுச்சொல் அமைக்க முனைகிறார். பெரிய எழுத்து இல்லை என்கிறது, சேர்க்கிறார். எண் இல்லை என்கிறது, சேர்க்கிறார். சிறப்புக்குறி இல்லை என்கிறது, அதையும் சேர்க்கிறார். எல்லாம் முடிந்தபின், ‘இது தாங்கள் முன்பே பயன்படுத்திய கடவுச்சொல், வேறொன்று தருக’ என்கிறது! அரைமணி நேரம் நினைவுக்கு வராத சொல் அதுதான் என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

வயதாகிவிட்டது, நினைவு தளர்ந்துவிட்டது என்று பெரியவர்கள் தம்மையே நொந்துகொள்வதை அடிக்கடி கேட்கிறோம். அது சரியன்று. இத்தொல்லையின் பெரும்பகுதி நினைவாற்றலின் குறையால் வந்ததன்று. விதிகளை வகுத்தவர்களால் வந்தது. வகுத்தவர்களே அவற்றுள் பலவற்றைக் கைவிட்டும் விட்டனர். அச்செய்தி நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றை இன்னும் எட்டவில்லை என்பதே வருந்தத்தக்கது.

சொல்லைக் கொண்டு ஆளை அறியும் வழக்கம் மிகப் பழையது. விவிலியத்தில் நீதித் தலைவர்கள் நூல் 12-ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். யோர்தான் ஆற்றுத்துறையில் கிலயாதியர் காவல் நின்று, கடக்க வந்த ஒவ்வொருவரையும் ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்கள். ‘சிபோலேத்’ என்று சொன்னவன் எப்ராயிம் குலத்தான் எனக் கண்டுகொண்டார்கள். அதனால் மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்நூல். ஷகரமும் சகரமும் ஒன்றாகவே ஒலிக்கும் நம்மவர் பலர் அத்துறையில் நின்றிருந்தால் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆயினும் அக்காவலில் ஒரு தெளிவு இருந்தது: அகப்பட்டவன் அயலான். இன்றைய காவலிலோ பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்பவர் வீட்டுக்காரர். அயலான் வேறு வழியாக உள்ளே போய்விடுகிறான்.

தொடக்கத்திலேயே ஓட்டை

கணிப்பொறிக்குக் கடவுச்சொல் வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ஆம் ஆண்டு, ஒரே பெரிய கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரும் அவர் குழுவினரும் அமைத்தனர். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காதிருக்க, ஆளுக்கொரு கடவுச்சொல் தந்தார்கள். பொக்கிஷங்களைக் காக்க அன்று. ஒரு விடுதியில் ஆளுக்கொரு அலமாரிக்குப் பூட்டு போடுவது போன்ற எளிய ஏற்பாடு.

அந்தப் பூட்டு ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்திற்கு 4 மணி நேரமே கணிப்பொறி ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962-இல் அவர் செய்த தந்திரம் மிக எளியது: கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு ஒரு துளை அட்டையில் கோரிக்கை வைத்தார். கணிப்பொறியும் கீழ்ப்படிதலோடு எல்லாருடைய கடவுச்சொல்லையும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியிட்டார். 1966-இல் இன்னொரு விந்தை. உள்ளே நுழைவோரை வரவேற்கும் அறிவிப்பும் கடவுச்சொல் பட்டியலும் இடம் மாறிப்போய், நுழைந்தவர்கள் அனைவருக்கும் பட்டியல் முழுவதும் தெரிந்துவிட்டது. 2019-இல் மறைந்த கோர்பட்டோ, தம் முதுமையில் அளித்த ஒரு பேட்டியில், கடவுச்சொல் என்பது ஒரு கொடுங்கனவாகவே ஆகிவிட்டதென்று ஒப்புக்கொண்டார்.

90 நாள் விதி

இனி, நம்மை வாட்டும் விதிகளுக்கு வருவோம். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் என்பவர் 2003-இல் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சிறப்புக்குறி யாவும் கலந்திருத்தல் வேண்டும். குறித்த காலத்திற்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும் என்னும் போக்கு அதிலிருந்துதான் உலகெங்கும் பரவியது. 90 நாளுக்கு ஒருமுறை மாற்று என்பது அலுவலகங்களின் வேதவாக்காயிற்று. அதை எழுதியபோது, மக்கள் உண்மையில் எத்தகைய கடவுச்சொற்களை வைக்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்றுகள் பர் அவர்களின் கையில் இல்லை. 1980-களில் எழுதப்பட்ட பழைய அறிக்கை ஒன்றையே அவர் பெரிதும் நம்ப நேர்ந்தது.

மனித இயல்பு விதிக்குள் எங்கே அடங்கும்? பெரிய எழுத்து வேண்டுமா, முதல் எழுத்தைப் பெரிதாக்கினோம். எண் வேண்டுமா, கடைசியில் 1 சேர்த்தோம். சிறப்புக்குறி வேண்டுமா, ஒரு ஆச்சரியக்குறி. 90 நாள் கழிந்ததா, 1 என்பது 2 ஆயிற்று. நம் வீடுகளில் இதற்கு ஒரு தனி மரபே உண்டு. பங்கின் பாதுகாவலர் பெயர், அதனோடு மூத்த பிள்ளை பிறந்த ஆண்டு, நடுவே ஒரு குறி. புனித அந்தோணியார் காணாமற்போன பொருள்களைக் கண்டெடுத்துத் தருபவர் என்பது நம் மக்களின் நம்பிக்கை. ஆனால் அவர் பெயரையே சாவியாக வைத்தால் திருடனும் எளிதில் கண்டெடுத்துவிடுவான். திருடர்கள் இத்தகைய பழக்கங்களை நம்மைவிட நன்றாக அறிவார்கள். அவர்களுடைய கணிப்பொறிகள் பெயர்களையும் ஆண்டுகளையும் குறிகளையும் நொடிக்குக் கோடிக்கணக்கில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கக்கூடியவை. மனிதன் நினைவில் வைக்க முடியாததும் இயந்திரம் எளிதில் கண்டுபிடிப்பதுமான ஒன்றை உண்டாக்கியதே அவ்விதியின் பயன்.

2017-இல், ஓய்வு பெற்றிருந்த பில் பர், தாம் அன்று எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக ஒரு நாளேட்டிற்குப் பேட்டி அளித்தார். அவ்வாறு வெளிப்படையாகச் சொல்ல ஒரு பெருந்தன்மை வேண்டும். அதே ஆண்டு அவர் பணியாற்றிய நிறுவனமும் விதிகளைத் திருத்தியது. கடவுச்சொல் களவுபோனதற்கு அடையாளம் இருந்தாலன்றி மாற்றச் சொல்லாதே; எழுத்துக் கலவையை வற்புறுத்தாதே; நீளமான சொற்றொடர்களை, 64 எழுத்து வரையிலேனும், ஏற்றுக்கொள்; ஏற்கெனவே களவுபோன பட்டியல்களில் உள்ள சொல்லை மட்டும் மறுத்துவிடு என்பது புதிய அறிவுரை. 2025-இல் வந்த பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, கலவை விதியையும் காலவாரி மாற்றத்தையும் விதிக்கவே கூடாது என்று கண்டிப்பாக எழுதிவிட்டது. கடவுச்சொல் மட்டுமே காவலாக இருக்கும் இடத்தில் அது 15 எழுத்துக்குக் குறையலாகாது என்றும் சொன்னது. சுருங்கச் சொன்னால், குழப்பமான சொல்லினும் நீளமான சொல் மேல்.

உண்மையான ஆபத்து எது?

நாம் பெரும்பாலும் அஞ்சுவது, யாரோ ஒருவன் அமர்ந்து நம் கடவுச்சொல்லை ஊகித்துவிடுவான் என்பதற்கு. அதைவிடப் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரே சொல்லை எல்லாக் கதவுகளுக்கும் வைப்பதே அது.

2009 டிசம்பரில் ராக்யூ என்னும் விளையாட்டு நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவுபோயின. அவற்றை அந்நிறுவனம் எவ்வித மறைப்பும் இன்றி அப்படியே எழுதி வைத்திருந்தது. அப்பட்டியலில் மிகுதியாகக் காணப்பட்ட கடவுச்சொல் 123456. இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயின், விளையாட்டுக் கணக்கு களவுபோனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர் அடுத்த படியை எண்ணிப் பார்க்க வேண்டும். திருடன் அங்கே கிடைத்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு, வங்கி, கடை, அஞ்சல் என ஒவ்வொரு கதவாகப் பொருத்திப் பார்க்கிறான். இதை இயந்திரமே செய்துவிடுகிறது, அவன் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

கற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். கோப்புகளைச் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வேறோர் இணையதளத்தில் வைத்திருந்த அதே கடவுச்சொல்லைத் தம் அலுவலகப் பணிக்கும் வைத்திருந்தார். 2012-இல் அந்த வேறோர் இடத்தில் களவு நிகழ, அதே சாவி டிராப்பாக்சையும் திறந்தது. ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் பேரின் கணக்கு விவரங்கள் வெளியேறியதாக 2016-இல் தெரியவந்தது. ஒரே ஒருவர் ஒரே ஒரு சொல்லை இருமுறை பயன்படுத்தியதன் விலை அது.

ஆக, கதவுக்கொரு சொல் வேண்டும், ஒவ்வொன்றும் நீளமாக இருத்தல் வேண்டும், எதுவும் மறக்கக்கூடாது. ஐம்பது கதவுகளுக்கு இது எந்த மனிதனாலும் இயலாத காரியம். இங்கேதான் ‘பாஸ்வேர்டு மேனேஜர்’ எனப்படும் கடவுச்சொல் பெட்டகம் வருகிறது.

பெட்டகமும் அதன் தொல்லைகளும்

பெட்டகம் என்பது ஒரு சிறு கணிப்பொறி நிரல். கதவுகள் அனைத்திற்கும் தானே நீண்ட, பொருளற்ற சொற்களை உண்டாக்கி, அவற்றைப் பூட்டி வைத்து, வேண்டும்போது தானே நிரப்பித் தருகிறது. நாம் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தின் முதன்மைச் சொல் ஒன்றை மட்டுமே. அச்சொல்லைப் பல்லாயிரம் முறை கணக்கிட்டுத் திரித்து, அதிலிருந்தே உட்பூட்டின் சாவி உருவாகிறது. நல்ல பெட்டகம் நடத்தும் நிறுவனத்திடம் அந்த முதன்மைச் சொல் இருப்பதில்லை. ஆகவே அவர்களாலும் நம் பெட்டகத்தைத் திறக்க முடியாது. இது அதன் பெருமை. நாம் அச்சொல்லை மறந்துவிட்டால் இதுவே அதன் கொடுமையும்.

இதில் பலர் அறியாத நன்மை ஒன்று உண்டு. பெட்டகம் இணையதளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தே நிரப்புகிறது. வங்கியின் பக்கத்தைப் போலவே அச்சு அசலாகச் செய்யப்பட்ட போலிப் பக்கம் நம் கண்ணை ஏமாற்றும், பெட்டகத்தை ஏமாற்றாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் ஒருநாள் அது பேசாமல் நின்றால், சலித்துக்கொண்டு கையால் தட்டிவிடாமல், முகவரியை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நலம்.

ஆனால் தொல்லை என்னவெனில், அது காரணமின்றியும் பேசாமல் நிற்பதுண்டு. பயனர் பெயருக்கு ஒரு பக்கமும் கடவுச்சொல்லுக்கு மறுபக்கமும் வைத்திருக்கும் இடங்களில் குழம்புகிறது. கடவுச்சொல்லை மாற்றியபின் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. கைப்பேசியில் ஒரு பெட்டகம், உலாவியில் இன்னொன்று, ‘இதைச் சேமிக்கட்டுமா?’ என்று இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கேட்கின்றன. எதில் எது இருக்கிறது என்று பின்னர் யாருக்கும் தெரிவதில்லை. நம் எண்ணத்தில், குடும்பத்திற்கு ஒரே பெட்டகம் என்று முடிவுசெய்து மற்றதன் வாயை அடைத்துவிடுவதே பாதித் தொல்லையைத் தீர்க்கும்.

இன்னொரு தொல்லை இணையதளங்கள் செய்வது. கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டக்கூடாது என்று சில தளங்கள் தடுத்துவிடுகின்றன. பாதுகாப்பிற்காக என்று காரணமும் சொல்கின்றன. 25 எழுத்துள்ள பொருளற்ற சொல்லைக் கைப்பேசியின் சிறு பலகையில் ஒவ்வொன்றாகத் தட்டுவது எவ்வளவு கடினம்! சலித்துப்போன மனிதர் மீண்டும் பழைய அந்தோணியாரிடமே திரும்பிவிடுவார். பிரிட்டன் அரசின் இணையப் பாதுகாப்பு மையம் 2017-இலேயே, ஒட்டுவதற்கு விடுங்கள், தடுப்பதால் பாதுகாப்பு குறையுமேயன்றிக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்னும் தடுக்கும் தளங்களை நடத்துவோர் அதனை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைப்பதா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. லாஸ்ட்பாஸ் என்னும் பெட்டக நிறுவனத்தில் 2022-இல் திருடர்கள் புகுந்து, வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல்களையே எடுத்துச் சென்றனர். கடவுச்சொற்கள் பூட்டுக்குள் இருந்தன. ஆனால் எந்தெந்த இணையதளத்தில் கணக்கு உள்ளது என்னும் முகவரிகள் பூட்டப்படாமல் இருந்தது பின்னர் தெரியவந்தது. நீண்ட முதன்மைச் சொல் வைத்திருந்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது மிக அரிது. குறுகிய சொல் வைத்திருந்தவர்களுக்கே அச்சம். இதைக்கொண்டு பெட்டகமே வேண்டாம் என்பது, வங்கியில் ஒருமுறை கொள்ளை நடந்ததால் பணத்தைத் தலையணைக்குள் வைப்பதைப் போன்றது. பெட்டகத்தின் சொல் வலிமையானதாக இருத்தல் வேண்டும். நாம் கொள்ள வேண்டிய பொருள் இவ்வளவே.

அவ்வலிமையை எப்படிப் பெறுவது? 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் ‘டைஸ்வேர்’ என்னும் ஒரு முறையை வெளியிட்டார். 7,776 சொற்கள் அடங்கிய பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். அவ்வாறு ஐந்தாறு சொற்களை அடுக்கிவிட்டால், மனிதனுக்கு நினைவில் நிற்கும், இயந்திரத்திற்கு எட்டாது. பகடை இல்லாத வீட்டிலும் தொடர்பற்ற சொற்களை அடுக்கலாம். முருங்கை, தபால், சுண்ணாம்பு, படகு, திண்ணை, கடுகு என்று ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். திண்ணையில் படகு நிற்கும் காட்சி மனத்தைவிட்டுப் போகாது. ஆனால் இப்பக்கத்தில் அச்சாகிவிட்ட இந்த அடுக்கை மட்டும் யாரும் பயன்படுத்தவேண்டாம்! செபங்களின் தொடக்க வரிகளும் பாடல் வரிகளும் ஆகா. ஊரே அறிந்தது சாவியாகாது.

தாயின் குடும்பப் பெயர் என்ன?

மறந்துவிட்டால் மீட்பதற்கென்று கேட்கப்படும் வினாக்களைப் பற்றியும் ஒரு சொல். தாயின் திருமணத்திற்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறது திரை. மேனாட்டாருக்கு அது பொருந்தும். குடும்பப் பெயரே இன்றி, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதும் தமிழர் என்ன விடை சொல்வது? முதல் பள்ளி எது, பிறந்த ஊர் எது என்பனவும் இரகசியங்கள் அல்ல. தாயின் பெயர், பிறந்த நாள், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் வரிசையாக எழுதியிருக்கின்றன. 2008 செப்டம்பரில் அமெரிக்கத் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் மின்னஞ்சலை ஒரு மாணவர் திறந்துவிட்டார். பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய மூன்றே விடைகள் தேவைப்பட்டன. மூன்றையும் பொதுச் செய்திகளிலிருந்தே அவர் கண்டுபிடித்தார். இத்தகைய வினாக்களுக்கு உண்மை விடை சொல்லவேண்டும் என்னும் கட்டாயம் ஏதுமில்லை. பொருந்தாத ஒன்றைச் சொல்லி அதையும் பெட்டகத்தில் எழுதிவைக்கலாம். பொய் சொல்லலாகாது என்னும் கட்டளையை இது மீறுவதாக எவரும் அஞ்சவேண்டியதில்லை; பூட்டிற்கு நாம் சாட்சி சொல்லவில்லை.

இரண்டாம் பூட்டாக வந்தது ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவுச்சொல். இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்துவதற்கு இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் விதித்தது. மேனாடுகள் பல தயங்கிய காலத்தில் நம் நாடு எடுத்த நல்ல முடிவு அது என்பதே நம் கருத்து. அதனால் வரும் சிக்கல்களும் நம் வீடுகளுக்குப் புதியனவல்ல. மகன் வளைகுடா நாட்டில்; தாய்தந்தையர் நாகர்கோவிலில். கணக்கு தந்தையின் பெயரில். பதிவான எண்ணோ மகனுடையது. இங்கே பணம் எடுக்க வேண்டியபோது அங்கே எண் வருகிறது. அவர் பணியில் இருக்கிறார். அவர் பார்த்துச் சொல்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நெடுநாள் பயன்படுத்தாத கைப்பேசி எண் வேறொருவருக்குப் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். பதிவான எண் கணக்கை உண்மையில் கையாள்பவரின் கையில் இருக்கிறதா என்பதை அடுத்த முறை மகன் விடுமுறையில் வரும்போது சரிபார்த்துவிடலாம். அந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வங்கியிலிருந்து எவரும் தொலைபேசியில் அழைக்கமாட்டார்கள். அழைத்தவனிடம் சொல்லிவிட்டால், அழுதுகொண்டிராமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். அங்கே நிமிடங்களே கணக்கு. குறுஞ்செய்தியை மட்டுமே நம்பாமல் வேறு முறைகளுக்கும் இடமளிக்கும் புதிய விதிகளை 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என அறிவித்தது.

ஒருவர் தலைக்குள் குடும்பத்தின் சாவி

இதுவரை சொன்னவை எரிச்சல்கள். இனிச் சொல்லப்போவது அதனினும் கனமானது. பெரும்பாலான இல்லங்களில் கடவுச்சொற்கள் அனைத்தும் ஒருவர் தலைக்குள் இருக்கின்றன. அவர் திடீரென மருத்துவமனையில் படுத்தாலோ, இறைவனடி சேர்ந்தாலோ, வீட்டாரின் நிலை என்ன? எந்த வங்கியில் எவ்வளவு, காப்பீட்டுத் தவணை எப்போது, வீட்டுக்கடன் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதே தெரியாமல், துக்க வீட்டில் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து பிறந்த நாள்களையெல்லாம் தட்டிப் பார்க்கும் துயரம் இன்று அரிதன்று.

தலையில் உள்ளது போனால் எதுவும் மீளாது என்பதற்கு அமெரிக்காவில் வாழும் ஸ்டெஃபான் தாமஸ் என்னும் கணிப்பொறி வல்லுநரின் கதை சான்று. ஒரு காணொளி செய்து கொடுத்ததற்குக் கூலியாக 2011-இல் கிடைத்த 7,002 பிட்காயின்களின் சாவியை ஒரு சிறு சேமிப்புக் கருவியில் பூட்டி, அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதினார். தாள் தொலைந்தது. பத்து முறை தவறினால் தன்னைத்தானே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் கருவி அது. எட்டு முறை முயன்று தோற்றுவிட்ட செய்தி 2021 சனவரியில் வெளியானபோது அந்நாணயங்களின் மதிப்பு 20 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பூட்டு தன் கடமையைச் செவ்வனே செய்தது. உரியவருக்கு எதிராகவே செய்தது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். கடவுச்சொல் வாரிசுரிமை அன்று. இறந்தவரின் கணக்கை அவர் கடவுச்சொல்லைக் கொண்டு திறந்து பணம் எடுப்பது சட்டப்படி முறையாகாது. பின்னர் உடன்பிறந்தாருக்குள் வழக்கும் வரும். அதற்குரிய வழி நியமனதாரர் பதிவு. 2025-ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின்படி 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். பழைய கணக்குகளில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடப்பதுண்டு. இறந்துபோன தாயின் பெயரே இன்னும் அங்கிருப்பதும் உண்டு. பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் ஒரு படிவம் நிரப்பினால் முடிகின்ற வேலை.

புகைப்படங்களும் மடல்களும் வேறு வகை. கூகுள் நிறுவனம் 2013 முதலே, கணக்கு குறித்த காலம் அசையாமல் இருந்தால் நாம் பெயர் குறித்தவருக்குத் தெரிவித்து, நாம் தேர்ந்தவற்றை அவருக்குத் தரும் வசதியை வைத்திருக்கிறது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை காலத்தை நாமே குறிக்கலாம். ஆப்பிள் கைப்பேசியில் இதுபோன்ற ஏற்பாடு 2021 இறுதியில் வந்தது. இரண்டையும் உயிரோடிருப்பவர்தான் அமைக்கமுடியும். இரண்டாண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் அழித்துவிடலாம் என்னும் விதியும் 2023 முதல் உண்டு. மறைந்தவரின் பேரப்பிள்ளை எடுத்த படங்கள் அதனோடு போய்விடக்கூடும்.

கடவுச்சொல்லே வேண்டாம் என்று ‘பாஸ்கீ’ முறை வருகிறது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதத்தில் கூட்டாக ஆதரவு அறிவித்தன. சாவி கைப்பேசிக்குள்ளேயே இருக்கும். விரல்ரேகையோ முகமோ அதைத் திறக்கும். நாம் வாய்திறந்து சொல்ல ஒன்றுமில்லாததால் ஏமாற்றுக்காரன் கேட்டுப் பெறவும் வழியில்லை. வரவேற்கத்தக்கதே. எனினும் நால்வர் ஒரே கைப்பேசியைப் பகிரும் வீட்டில் யார் விரல் யாருக்குக் கதவு திறக்கும் என்பதை அதனைச் செய்தவர்கள் நன்கு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே இப்போதைக்குத் தாளும் பேனாவும் வேண்டியிருக்கிறது. எழுதிவைக்கவே கூடாது என்று கற்பித்தார்கள் அல்லவா? அது அலுவலக மேசைக்குப் பொருந்தும். பூட்டிய பீரோவுக்குப் பொருந்தாது. கடல் கடந்து நம் கணக்கைத் திருட வருபவனால் நம் பீரோவைத் திறக்க முடியாது. பெயர்பெற்ற பெட்டக நிறுவனம் ஒன்று, அவசரத்திற்கென்று அச்சிட்டு எடுத்துவைக்கும் தாளைத் தானே வடிவமைத்துத் தருகிறது. பெட்டகத்தின் முதன்மைச் சொல், கைப்பேசியைத் திறக்கும் எண், மின்னஞ்சல் முகவரி, எந்தெந்த வங்கி, எந்தெந்தக் காப்பீடு என்னும் பட்டியல், இவ்வளவே போதும். உறையிலிட்டு ஒட்டி, திருமணச் சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் கோப்பில் வைத்து, இருக்கும் இடத்தைக் கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும், தனித்திருப்பவர் நம்பிக்கைக்குரிய பிள்ளைக்கும் சொல்லிவைக்கலாம். உறையின் மேல் தேதி எழுத வேண்டும். முதன்மைச் சொல்லை மாற்றும் நாளில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை உள்ளே வைக்க வேண்டும். பழைய சொல் எழுதிய உறை பீரோவில் இருந்தும் பயனில்லை.